மூளையின் லயமும் மாறும் புலன்களும்



வாளையாற்றைக் கடந்து மேற்கே செல்வோரும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வாயில்களின் வழியே இடுக்கி மலைகளில் ஏறுவோரும், மாநில எல்லையைத் தாண்டுகிறார்களேயன்றித் தமிழ் ஒலியைத் தாண்டிவிடுவதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளின் சந்தைகளிலும், மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலையின் ஏலக்காடுகளிலும் நம் மொழி இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அம்மலைகளில் 'லயம்' என்று பெயர். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது என்பர். ஆயினும், பாலக்காட்டு மணி ஐயரின் மிருதங்கத்தை ஒருமுறையேனும் கேட்டவர்க்கு லயம் என்றதும் தாளத்தின் ஒழுங்கே நினைவுக்கு வரும்.

அத்தகைய ஒரு லயம் நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இரவு பகலாக நடைபெற்று வருகிறது. அதைப் பற்றியும், அது தடுமாறும்போது புலன்களுக்கு நேரும் மாறுதல்களைப் பற்றியும், மனச்சிதைவு என்னும் நோயின் தொடக்க காலத்தைப் பற்றியும் இன்று சிறிது ஆராய்வோம்.

ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது பத்தொன்பது. பெற்றோர் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். மகன் கல்லூரியில் படிக்கிறான். சில மாதங்களாக அவன் நண்பர்களை விட்டு விலகி இருக்கிறான். அடுப்பில் தாளிக்கும் ஓசை தன் காதைத் துளைப்பதாகக் கூறுகிறான். பக்கத்து வீட்டுப் பேச்சு, தகரக் கூரையில் விழும் மழை, வானொலி, ஆடு கத்துவது ஆகிய அனைத்தும் ஒரே அளவில் தன்மீது வந்து மோதுகின்றன என்கிறான். ஆசிரியர் பேசும் சொற்கள் ஒவ்வொன்றும் கேட்கின்றன; ஆனால் வாக்கியம் பிடிபடவில்லை. விளக்கின் ஒளி முன்னினும் கூர்மையாகத் தெரிகிறது. பழகிய முகங்களும் அந்நியமாகத் தோன்றுகின்றன. தாய், "கண் பட்டுவிட்டது" என்கிறாள். தந்தை, "படிப்பதற்குச் சோம்பல்" என்கிறார். பக்கத்து வீட்டார், "காற்றுக் கருப்பு" என்கின்றனர். மேலும் சில மாதங்கள் கழிந்தபின், யாருமற்ற அறையில் தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள் அவனுக்குக் கேட்கத் தொடங்குகின்றன. அக்குரல்கள் தமிழிலேயே பேசுகின்றன.

இத்தகைய மாறுதல்கள் தோன்றும் எல்லோருக்கும் மனச்சிதைவு வந்துவிடுவதில்லை. உறக்கக் குறைவு, கடும் துயரம், கஞ்சா முதலிய போதைப் பொருள்கள், வலிப்பு நோய், வேறு சில உடல் நோய்கள் ஆகியவற்றாலும் இவை நேரலாம். ஆனால் மனச்சிதைவு தோன்றிய பலர், குரல்கள் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே தம் புலன்கள் மாறிவிட்டதைப் பின்னர் நினைவுகூர்கின்றனர். 1961-ஆம் ஆண்டில் மக்கீ, சாப்மன் என்னும் இருவர், நோயின் தொடக்கத்திலிருந்த இளைஞர்களை நெடுநேரம் உட்காரவைத்துப் பேசச் செய்து, அவர்களுடைய கவனமும் புலனறிவும் எவ்வாறு மாறின என்பதை அவர்கள் சொற்களிலேயே எழுதி வெளியிட்டனர். வேண்டுவது வேண்டாதது என்று பிரிக்கும் ஆற்றல் குன்றி, எல்லாமே ஒருங்கே உள்ளே புகுந்துவிடுகிறது என்பதே அவர்கள் பலரும் கூறியதன் சாரம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கட்டுரை இன்றும் ஆராய்ச்சியாளரால் படிக்கப்படுகிறது.

நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மருத்துவராயிருந்த ஆய்கன் பிளாய்லர் என்பவர் 1908-இல் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்னும் பெயரை வழங்கினார். கிரேக்க மொழியில் பிளவு, மனம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. இதனால் ஒரு மனிதருக்குள் இருவர் குடியிருப்பதே இந்நோய் என்று பலர் எண்ணிவிட்டனர். திரைப்படங்களும் அவ்வெண்ணத்தை வளர்த்தன. அது தவறு. சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு ஆகியவை தம்முள் இணங்கி நடவாமையே இந்நோயின் இயல்பு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, கொரிய மக்கள் செய்த ஒரு மாற்றம் பெருவியப்பை அளித்தது. மனம் பிளந்த நோய் என்ற பழம்பெயரைக் கைவிட்டு, 2011-இல் அவர்கள் புதிய பெயர் ஒன்றைச் சூட்டினர். நரம்புக் கருவியின் தந்திகளைச் சுருதி கூட்டுதல் என்பது அப்பெயரின் அடிப்படை. பிளந்தது ஒட்டாது என்று தோன்றும்; சுருதி விலகிய தந்தியையோ மீண்டும் கூட்டலாம். பெயர் மாற்றத்தில் எத்தகைய நம்பிக்கை பொதிந்துள்ளது பாருங்கள்!

இனி லயத்துக்கு வருவோம். மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. அவை மிக நுண்ணிய மின்சாரத் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர், 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்து பதிவு செய்தார். தம் மகன் கிளவுஸின் தலையிலும் கம்பிகளைப் பொருத்திச் சோதனைகள் நடத்தினார். உலகம் நம்பாதோ என்று தயங்கி, 1929-இல்தான் அதை வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது வினாடிக்குச் சுமார் பத்து முறை எழுந்து விழும் அலை ஒன்று தலையின் பின்புறம் தோன்றுவதை அவர் கண்டார். கண் திறந்ததும் அவ்வலை அடங்கியது. அதற்கு அவர் ஆல்ஃபா என்று பெயரிட்டார். இவ்வலைகளின் வலிமை ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளே.

வினாடிக்கு நான்குக்கும் குறைந்த அலைகள் டெல்டா. ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாக எழுபவை. நான்கு முதல் எட்டு வரை தீட்டா. எட்டு முதல் பதின்மூன்று வரை ஆல்ஃபா. பதின்மூன்று முதல் முப்பது வரை பீட்டா. முப்பதுக்கு மேற்பட்ட விரைவான அலைகள் காமா. கச்சேரியில் விளம்ப காலமும் துரித காலமும் உள்ளவாறு மூளையிலும் பல காலப் பிரமாணங்கள் உள்ளன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சமயத்தில் நடைபெறவும் செய்கின்றன.

இவ்வலைகளால் பயன் யாது? ஒரு மாம்பழத்தைக் காண்கிறோம். அதன் நிறத்தை மூளையின் ஒரு பகுதியும், உருவத்தை மற்றொரு பகுதியும், மணத்தை வேறொரு பகுதியும் அறிகின்றன. இவை தனித்தனியே நில்லாமல் ஒரே பழமாக நமக்குத் தோன்றவேண்டுமாயின், அப்பகுதிகள் காலம் தவறாமல் ஒத்து இயங்கவேண்டும். அவ்வொத்திசைவுக்குக் காமா அலைகள் துணைபுரிகின்றன என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகின்றனர். பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் ஆகிய மூவரும் ஒரே தாளத்தில் நின்றால்தான் கச்சேரி. இல்லையேல் மூன்று தனி ஓசைகள்.

மனச்சிதைவில் இத்தாளம் எவ்வாறு தடுமாறுகிறது என்பதை நான்கு எளிய சோதனைகள் காட்டுகின்றன.

முதலாவது: வினாடிக்கு நாற்பது முறை 'டிக்' என்னும் ஒலியைக் காதில் செலுத்துதல். நலமுள்ளவர் மூளை அதே நாற்பது கணக்கில் உடன் துடிக்கும். தாளம் போடுபவரைப் பார்த்துச் சபையே தொடையில் தட்டுவது போன்றது இது. மனச்சிதைவு உற்றோரிடம் இந்நாற்பதின் எதிரொலி வலிமை குன்றியிருப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1999-இல் வெளியிட்டனர். நோய் முதன்முறை வெளிப்பட்ட இளைஞரிடமும் இக்குறை பிற்பாடு காணப்பட்டது. ஆகவே, பல்லாண்டு மருந்துண்டதால் மட்டும் விளைந்த குறை அன்று இது.

இரண்டாவது: அரை வினாடி இடைவெளியில் இரண்டு 'டிக்' ஒலிகள். முதல் ஒலிக்கு மூளை நன்கு விழித்துக்கொள்கிறது. இரண்டாவது ஒலிக்கு, 'இது முன்னரே கேட்டதுதான்' என்று பெரும்பாலும் கதவைச் சாத்திவிடுகிறது. மனச்சிதைவு உற்றோர் பலரிடம் அக்கதவு சரிவரச் சாத்தப்படுவதில்லை என்பதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 1982-இல் காட்டினர். தகரக் கூரையில் விழும் மழையை நாம் சில நிமிஷங்களில் மறந்துவிடுகிறோம். நம் இளைஞனால் மறக்க முடியவில்லை.

மூன்றாவது: ஒரே மாதிரியான ஒலிகளின் வரிசையில் இடையே ஒன்றை மட்டும் மாற்றி ஒலித்தல். நாம் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும், அம்மாறுதலை மூளை கால் வினாடிக்குள் தானே கண்டுகொண்டு ஒரு சிறு அலையை எழுப்பும். பின்லாந்து நாட்டு விஞ்ஞானி நேட்டனென் 1978-இல் இதை விளக்கினார். 'அடுத்து வருவது இன்னது' என்று மூளை இடைவிடாமல் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது சான்று. மனச்சிதைவில் இவ்வலை தாழ்ந்து காணப்படுகிறது.

நான்காவது: பேசுவோரின் மூளையைப் பேசும்போதே பதிவு செய்தல். நாம் வாய் திறக்குமுன், 'வரப்போவது நம் சொந்தக் குரல்' என்று மூளையின் பேச்சுப் பகுதி செவிப் பகுதிக்கு முன்னறிவிப்புச் செய்கிறது. செவிப் பகுதியும் அதற்கேற்பத் தன் துடிப்பைத் தணித்துக்கொள்கிறது. மனச்சிதைவு உற்றோரிடம் இத்தணிவு குறைவு. தன் உள்ளப் பேச்சே பிறர் குரலாகத் தனக்குக் கேட்பதற்கு இம்முன்னறிவிப்புத் தவறுவது ஒரு காரணமாகலாம் என்று கருதுவர். குரல்கள் தாய்மொழியில் பேசுவதன் பொருளும் இதனால் ஓரளவு விளங்குகிறது.

இத்தடுமாற்றத்தின் வேர் எங்கே? நரம்பணுக்களில் ஊக்குபவையும் உண்டு, அடக்குபவையும் உண்டு. அடக்கும் அணுக்கள் 'காபா' என்னும் இரசாயனப் பொருளை வெளியிடுகின்றன. ஊக்குபவை பாடகர்கள் என்றால், அடக்குபவை தாளக்காரர்கள். எப்போது நிறுத்தவேண்டும் என்று அவை சொல்வதனால்தான் அலை எழுகிறது. இவ்வடக்கும் அணுக்களில் ஒரு வகை மனச்சிதைவில் சரிவர இயங்குவதில்லை என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. பரம்பரைக் கூறு, கருவிலும் பிறப்பிலும் நேர்ந்த இடர்கள், இளமையில் மிகுதியான கஞ்சாப் பழக்கம், வாழ்க்கை நெருக்கடிகள் எனப் பல சேர்ந்தே நோய்க்கு வழிகோலுகின்றன. தாயின் வளர்ப்பில் குற்றம் என்பது முற்காலத்தில் சிலர் கொண்ட தவறான கொள்கை; அது கைவிடப்பட்டுவிட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய வேறுபாடுகளெல்லாம் பலரைச் சேர்த்துக் கணக்கிடும்போது தோன்றுபவை. ஒரு தனி மனிதருக்கு மனச்சிதைவு உண்டா இல்லையா என்பதை மூளை அலைப் பதிவைக் கொண்டு இன்றும் தீர்மானிக்க இயலாது. வலிப்பு முதலிய வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்ய மருத்துவர் அப்பதிவை எடுக்கச் சொல்லலாம். ஆனால் நோயை அறிவது பேசியும் கேட்டும், குடும்பத்தாரை விசாரித்தும், நாள்பட்டுக் கவனித்தும்தான். ஆகவே, பெரும் பணத்தைக் கட்டி மூளைப் படம் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எவரும் கடன் வாங்க வேண்டா.

பேசியும் கேட்டும் அறியவேண்டிய நோய் என்பதனால்தான், வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கண் எரிகிறது, கால் வலிக்கிறது என்பதை எம்மொழியிலும் கைகாட்டியேனும் கூறிவிடலாம். 'ஒலிகளெல்லாம் ஒரே உயரத்தில் வருகின்றன', 'முகங்கள் தூரமாகிவிட்டன' என்பதைத் தாய்மொழியிலேயே கூறுவது அரிது. தமிழும் மலையாளமும் உடன்பிறந்தவை, அதனாலேயே ஏமாற்றுபவை. 'வெள்ளம்' என்றால் நமக்குப் பெருக்கு, அவர்களுக்குக் குடிநீர் என்பதை அறியாதவர் இல்லை. 'மயக்கம்' என்று நாம் கூறுவது பெரும்பாலும் தலைசுற்றல். மலையாளத்தில் அச்சொல் பெரிதும் உறக்கச் சோர்வைக் குறிக்கும். புரிந்துவிட்டது என்று இருவரும் எண்ணிக்கொண்டே வேறு வேறு பொருளைக் கொள்ளும் இடம் இது. எனவே, மருத்துவரிடம் செல்கையில் இரு மொழியும் நன்கறிந்த உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், கடந்த சில மாதங்களில் கண்ட மாறுதல்களைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிச் செல்வதும் பெரும்பயன் தரும். மொழி தெரிந்தவர் நோயாளி சொன்னதை அப்படியே கூறவேண்டுமேயன்றி, தாம் திருத்தியும் சுருக்கியும் கூறலாகாது.

இந்நோய் அரியது என்று எண்ண வேண்டா. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடும் கேரளமும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சிதைவும் அதனையொத்த நோய்களும் வாழ்நாளில் ஒருமுறையேனும் உற்றோர் நூற்றுக்கு 1.4 பேர். அவர்களுள் சிகிச்சை பெறாதோர் சுமார் முக்கால் பங்கினர். இவ்வெண்ணே நம்மை உறங்கவிடாமல் செய்யவேண்டியது. சிகிச்சை தொடங்கத் தாமதமாகுந்தோறும் குணமாவதும் தாமதமாகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் ஒருமுகமாகக் காட்டியுள்ளன.

காலத்தில் தொடங்கினால் பயன் எத்தகையது என்பதற்கு நம் சென்னையே சான்று. 1981-இல் அங்குத் தொடங்கிய ஓர் ஆய்வு, நோய் முதன்முறை வெளிப்பட்ட 90 பேரைத் தொடர்ந்து கவனிக்க முற்பட்டது. மருத்துவர் ரா. தாராவும் அவர்தம் குழுவினரும் இருபத்தைந்து ஆண்டுகள் வரையில் அவர்களை வீடு வீடாகத் தேடிச் சென்று நலம் விசாரித்தனர். பத்தாம் ஆண்டின் முடிவில் அவர்களுள் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர். பலர் வேலை பார்த்தனர், குடும்பம் நடத்தினர். தீராத நோய் என்று கைவிடப்பட்ட ஒன்றைப் பற்றிய பழைய கருத்தை இவ்வாய்வு அசைத்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் தலைமை தாங்கிய மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் 1984-இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியை வளர்த்தது. பிற்காலத்தில் இந்நிறுவனம் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தாருடன் சேர்ந்து, நோய் புதிதாகத் தோன்றியோரை இரு நகரங்களிலும் ஒப்பிட்டது. சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையில் மிகுதியாகப் பங்கு கொள்கின்றனர் என்பது அதில் தெரியவந்த ஓர் உண்மை. மருந்துக்கு அடுத்தபடி நம்மிடமுள்ள செல்வம் அதுவே. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்க்கு அச்செல்வம் குறைகிறது என்பதையும் மறைக்க வேண்டா. அண்டை வீட்டாரும் தமிழ்ச் சங்கத்தாரும் அக்குறையை நிரப்பலாம்.

பாலக்காட்டு மாவட்டத்தில் இராயிரநெல்லூர் என்று ஒரு குன்று உண்டு. நாராணத்துப் பிராந்தன் என்னும் ஞானி கல்லை உருட்டி மேலேற்றி, பின் கீழே உருளவிட்டுக் கைகொட்டிச் சிரித்ததாகக் கதை. ஆண்டுதோறும் துலா மாதம் முதல் நாளில் மக்கள் அக்குன்றேறி வணங்குகின்றனர். கதையில் வரும் பித்தரைக் கும்பிடும் நாமே, நம் வீட்டில் ஒருவர் மனம் தடுமாறினால் அறையில் பூட்டிவைக்கவும் துணிகிறோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் வெந்து மாண்டனர்; இறந்தோர் 28 பேர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்வது அவரவர் நம்பிக்கை. ஏர்வாடியிலேயே பிரார்த்தனைக்கு அருகில் மருத்துவமும் பின்னர் ஏற்பாடு செய்யப்பட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போடுவதே தீங்கு.

என்ன செய்யவேண்டும்? உறக்கம், படிப்பு, பேச்சு, தூய்மை ஆகியவற்றில் சில வாரங்களாக மாறுதல் கண்டால், ஏளனமோ வாதமோ செய்யாது கேளுங்கள். குரல் கேட்கிறது என்பவரிடம், 'பொய்' என்று சாதிக்கவும் வேண்டா. 'ஆம், எனக்கும் கேட்கிறது' என்று நடிக்கவும் வேண்டா. 'உனக்குக் கேட்பது உனக்குத் துன்பம் தருகிறது. அதற்கு உதவி தேடுவோம்' என்பதே போதும். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்கி வருகிறது. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும். எல்லையின் எப்புறத்து அரசு மருத்துவமனை அருகில் உள்ளதோ அங்கே செல்லலாம். மருந்து தொடங்கிய பின், குணம் தெரிகிறதே என்று தாமாக நிறுத்திவிடலாகாது. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நடைபெறவேண்டும்.

நம் இளைஞனை மறந்துவிடவில்லை. கதவு சாத்தப்படாத வீட்டில் எல்லா ஓசைகளும் ஒருங்கே புகுந்துகொண்டிருக்க, நடுவே அமர்ந்திருக்கிறான் அவன். அவனைச் சோம்பேறி என்று ஏசுவதும் பேய்பிடித்தவன் என்று அஞ்சுவதும் அவ்விரைச்சலில் மேலும் இரண்டு ஓசைகளைச் சேர்ப்பதாகும். அருகில் அமர்ந்து, அவன் மொழியில், தாழ்ந்த குரலில், ஒரு நேரத்தில் ஒன்றாகப் பேசுங்கள். காலத்தில் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். சுருதி விலகிய தந்தியைக் கூட்டுவதற்குப் பொறுமை வேண்டும். தந்தியை அறுத்தெறிபவர் எவரும் இசையை அறியார்.